கையா, உடம்பா? 7 அயர்ன் ஸ்விங்கைப் படிப்படியாகக் கட்டுவது எப்படி

கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவருக்கு முதல் மாதத்திலேயே இரண்டு எதிரெதிர் ஆலோசனைகள் வந்து சேரும். "கையை மறந்துவிடுங்கள், இடுப்பைத் திருப்புங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்" என்பார் ஒருவர். "கிளப்பைத் தொடுவது கை மட்டும்தானே, இது முழுக்க முழுக்கக் கை விளையாட்டு" என்பார் பக்கத்தில் நிற்பவர். இரண்டு பேருமே பந்தை நன்றாக அடிப்பவர்களாக இருப்பதால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் போகும்.

இது பழைய வழக்கு. கிளப்பின் தண்டான ஷாஃப்ட் ஹிக்கரி மரத்தில் செய்யப்பட்ட காலத்தில், வேகமாக வீசினால் அது முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைச் சரிக்கட்ட ஆட்டக்காரர்கள் முன்கைகளை நன்றாக உருட்டி, கையின் நேரக்கணக்கை நம்பி ஆடினார்கள். அமெரிக்காவில் 1920களிலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்து கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிகளின்படி 1929இலும் எஃகு ஷாஃப்டுக்கு அனுமதி கிடைத்தது. எஃகு அவ்வளவாக முறுக்காது. அதற்கேற்பக் கால்களையும் இடுப்பையும் முன்னிறுத்தி ஆடியவர்களில் முக்கியமானவர் பைரன் நெல்சன். 1945இல் தொடர்ந்து 11 போட்டிகளை வென்றவர். அடுத்து பென் ஹோகன் உடம்பின் சுழற்சியை இன்னும் கறாராகச் செதுக்கினார். ஆனால் அதே தலைமுறையில், 1934, 1937, 1948 என்று மூன்று முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஹென்றி காட்டன், கைகளைப் பழக்குவதுதான் கோல்ஃப் என்று கடைசிவரை சொன்னார். பழைய டயரைக் கிளப்பால் அடிக்கச் சொல்லி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

என் கருத்து இது: இரண்டு பக்கமும் சரி, ஆனால் கற்கும் வரிசை முக்கியம். முதலில் கை, அப்புறம் உடம்பு. கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், எங்கே பார்க்கிறது என்பது கையின் பொறுப்பு. அந்த முகத்தை வேகமாகப் பந்துக்குக் கொண்டுபோவது உடம்பின் பொறுப்பு. முகம் இலக்குக்கு வலப்பக்கம் பார்த்தபடி, அதாவது திறந்த நிலையில் வரும்போது இடுப்பைத் திருப்பத் திருப்ப, பந்து வலப்பக்கம்தான் போகும். நாலு பந்து அப்படிப் போனதும் உடம்பு தானாகவே சுழற்சியை நிறுத்தி, மணிக்கட்டைச் சுண்டி முகத்தை இடப்பக்கம் திருப்பி மூடப் பார்க்கும். நாம் அதைப் பார்த்து "இடுப்பு திரும்பவில்லை" என்று குறை சொல்கிறோம். இடுப்பு நின்றுபோனதற்குக் காரணம் முகம். முகத்தைச் சரிசெய்யாமல் இடுப்பை விரட்டிப் பயனில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் நடுத்தரத் தூரத்துக்கான கிளப்பான 7 அயர்னையும் வலது கை ஆட்டக்காரரையும் வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு: கைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் முழு ஸ்விங் ஏறக்குறைய ஒரு விநாடிதான். அதில் முக்கால் பங்கு கிளப் மேலே போவதற்கு (பேக்ஸ்விங்), கால் பங்கு கீழே வருவதற்கு (டவுன்ஸ்விங்). கிளப்பின் முகம் பந்தோடு ஒட்டியிருக்கும் நேரம் விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

கண்ணால் ஒன்றைப் பார்த்து, கை அதற்கு எதிர்வினை காட்டவே சுமார் 0.2 விநாடி வேண்டும். கிளப் கீழே வர ஆகும் நேரம் 0.25 விநாடி. ஆக, மேலிருந்து இறங்க ஆரம்பித்த பிறகு "முகத்தை மூட வேண்டும்" என்று நினைத்தால், அந்தக் கட்டளை கைக்குப் போய்ச் சேரும்போது பந்து ஏறக்குறைய கிளம்பிவிட்டிருக்கும். பந்தருகே மணிக்கட்டைச் சுண்டி நேராக அடிக்கப் பார்ப்பவருக்கு ஒருநாள் எல்லாம் நேராகவும் மறுநாள் எல்லாம் கோணலாகவும் போவது இதனால்தான். கையின் வேலை பெரும்பாலும் பிடியிலும் பேக்ஸ்விங்கிலுமே முடிந்துவிட வேண்டும்.

படி 1: பிடி

இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள். பிடி தப்பாக இருந்தால் இனி வரும் எந்தப் படியும் ஒழுங்காக வேலை செய்யாது.

இடது கை முதலில். கிளப்பைத் தரையில் வைத்து, முகம் இலக்கைப் பார்க்கட்டும். இடது கையைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, அது எந்தக் கோணத்தில் தொங்குகிறதோ அதே கோணத்தில் க்ரிப்பின், அதாவது கிளப்பின் கைப்பிடியின் மேல் கொண்டுபோய் வையுங்கள். க்ரிப், சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை குறுக்காக ஓட வேண்டும். அதாவது விரல்களில் இருக்க வேண்டும், உள்ளங்கையின் நடுவில் அல்ல. சுண்டுவிரல் பக்கத்துச் சதைமேடு க்ரிப்பின் மேல் உட்காரட்டும். கட்டைவிரல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம். குனிந்து பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகளில் இரண்டு, அல்லது இரண்டரை தெரிய வேண்டும்.

சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடது கையின் ஆள்காட்டி விரலில் மட்டும் கிளப்பைத் தாங்கி, அந்தச் சதைமேட்டை மேலே அழுத்திப் பாருங்கள். மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் விலகியிருந்தாலும் கிளப் கீழே விழாமல் நிற்க வேண்டும். நின்றால் க்ரிப் விரலில் இருக்கிறது. நழுவினால் உள்ளங்கைக்குள் போய்விட்டது.

உங்கள் பழைய க்ளவுஸும் உண்மையைச் சொல்லும். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். சதைமேட்டில் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், கிளப் ஒவ்வொரு அடியிலும் அங்கே அரைத்து நகர்கிறது என்று பொருள். உள்ளங்கையில் பிடிப்பவர்களின் க்ளவுஸ்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் முதலில் போகும். மலிவான க்ளவுஸ் என்று கடைக்காரரைத் திட்டும் முன் பிடியைப் பாருங்கள்.

வலது கையையும் விரலிலேயே வையுங்கள். நடுவிரலும் மோதிர விரலும்தான் முக்கியமாகப் பிடிப்பவை. வலது உள்ளங்கையின் பள்ளம் இடது கட்டைவிரலை மூடிவிட வேண்டும். வலது சுண்டுவிரலை எங்கே வைப்பது என்பது அவரவர் விருப்பம். இடது கையின் ஆள்காட்டி, நடுவிரல்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் மேல் வைப்பது ஹாரி வார்டன் பரப்பிய முறை, பெரும்பாலோர் பின்பற்றுவது. ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வது ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் பிடித்த முறை. பத்து விரலாலும் பிடிப்பவர்களும் உண்டு. இதில் சண்டை தேவையில்லை. இரண்டு கைகளும் ஒன்றோடொன்று பொருந்தி, தனித்தனியாக இழுக்காமல் இருந்தால் போதும்.

பெரும்பாலான புதியவர்களின் இடது கை போதுமான அளவு வலப்பக்கம் சுழன்றிருக்காது. விரல் முட்டி ஒன்றுதான் தெரியும். அப்படிப் பிடித்தால் முகம் திறந்தே வரும், பந்து வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகும். ஸ்லைஸ் தொந்தரவு உள்ளவர் எதையும் மாற்றும் முன் இடது கையை அரை அங்குலம் வலப்பக்கம் சுழற்றிப் பிடித்து, ஒரு வாரம் அடித்துப் பார்க்கட்டும். முதலில் கை வேறு யாருடையதோ போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. கிளப் நழுவாத அளவுக்கு விரல்கள் பிடிக்கட்டும், முன்கைத் தசைகள் மட்டும் கல்லாக வேண்டாம். முன்கை இறுகினால் மணிக்கட்டு மடங்காது, மணிக்கட்டு மடங்காவிட்டால் உடம்பு தரும் வேகம் கிளப் தலைவரை போய்ச் சேராது.

படி 2: நிற்கும் விதம்

கால்கள் தோளகலம். இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள், முதுகை வளைத்து அல்ல. முழங்கால் லேசாக மடங்கட்டும். கைகள் தோளுக்கு நேர்கீழே தளர்ந்து தொங்கட்டும். பந்து நடுவிலிருந்து ஒரு பந்தளவு இடப்பக்கம். க்ரிப்பின் நுனி இடது தொடையின் உள்பக்கத்தை நோக்கியிருந்தால், ஷாஃப்ட் இலக்குப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்திருக்கும். எடை இரண்டு பாதங்களின் நடுவிலும் சமமாக. இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம், அடுத்ததுதான் முக்கியம்.

படி 3: மணிக்கட்டுக்கு மூன்று அசைவுகள்

"மணிக்கட்டைப் பயன்படுத்து", "பயன்படுத்தாதே" என்று பொதுவாகச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. எந்த அசைவைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டிலேயே, கிளப்பை இடது கையில் மட்டும் பிடித்து இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

ஒன்று, மேலும் கீழும். சுத்தியலால் ஆணி அடிக்கும்போது மணிக்கட்டு போகும் திசை. கட்டைவிரல் பக்கமாக மேலே தூக்கினால் கிளப் எழும். இது முகத்தை அதிகம் திருப்பாது. இடது கைக்கும் ஷாஃப்டுக்கும் இடையே ஒரு கோணத்தை உண்டாக்கும். அந்தக் கோணம்தான் பின்னால் விரிந்து வேகமாக மாறுகிறது.

இரண்டு, முன்னும் பின்னும். புறங்கைப் பக்கமாக மணிக்கட்டை மடக்கினால் கையில் ஒரு குழி விழும், கிளப்பின் முகம் திறக்கும். உள்ளங்கைப் பக்கமாக மடக்கினால் முகம் மூடும். ஒரு சின்ன அசைவுக்கே முகம் எவ்வளவு திரும்புகிறது என்று கவனியுங்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முகம்தான். கிளம்பும் திசை 2 டிகிரி மாறினாலே 150 யார்டில் 5 யார்டு விலகிப்போகும்.

மூன்று, முன்கையின் உருளல். கதவுக் குமிழைத் திருகுவதுபோல முன்கையே சுழல்வது. இதுவும் முகத்தைத் திருப்பும், கூடவே கிளப் போகும் தளத்தையும் மாற்றும்.

முதல் அசைவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அது வேகத்துக்கானது. இரண்டாவதைத்தான் கண்காணிக்க வேண்டும். பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டு ஏறக்குறைய தட்டையாக இருக்கட்டும். உங்கள் பிடி வலப்பக்கம் நன்றாகச் சுழன்ற பிடியாக இருந்தால் கொஞ்சம் குழி இருக்கலாம், பரவாயில்லை. டஸ்டின் ஜான்சன் உச்சியில் இடது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக நன்றாகவே மடக்கிவிடுவார், முகம் வானத்தைப் பார்க்கும். முகம் முன்கூட்டியே மூடியிருப்பதால், கீழே வரும்போது கையால் எதையும் செய்ய வேண்டியதில்லை, உடம்பை முழு வேகத்தில் திறக்கலாம். 2016 யு.எஸ். ஓப்பனையும் 2020 மாஸ்டர்ஸையும் அந்த ஸ்விங்கோடுதான் வென்றார். நீங்கள் அவ்வளவு மடக்க வேண்டியதில்லை. ஆனால் கையும் உடம்பும் எப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன என்பதற்கு அவர் ஸ்விங்கைவிடத் தெளிவான பாடம் இல்லை.

படி 4: 20 யார்டு சிப்பில் ஆரம்பியுங்கள்

சிப் என்பது பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் அனுப்பும் சின்ன அடி. முழு ஸ்விங்குக்கு அவசரப்படாதீர்கள். முழு ஸ்விங்கில் கையும் உடம்பும் சந்திக்கும் இடம் இந்தச் சின்ன அடியிலேயே இருக்கிறது, அதுவும் நாம் உணரக்கூடிய வேகத்தில்.

கால்களை நெருக்கி வைத்து, எடையைச் சற்று இடது காலில் சாய்த்துக்கொள்ளுங்கள். கைகளைத் தனியாக ஆட்டாமல் மார்பைத் திருப்பி, கிளப் முழங்கால் உயரம் போனதும் திரும்பி வந்து அடியுங்கள். பந்து போன பிறகு அப்படியே நின்று மூன்றைப் பாருங்கள்: சட்டைப் பொத்தான்கள் இலக்கைப் பார்க்கின்றனவா? இடது மணிக்கட்டு தட்டையாக இருக்கிறதா? க்ரிப்பின் நுனி இன்னும் உங்கள் வயிற்றைப் பார்க்கிறதா? கிளப் தலை கைகளை முந்திக்கொண்டு, இடது மணிக்கட்டில் குழி விழுந்திருந்தால் மார்பு நடுவழியில் நின்றுவிட்டது. மார்பு நின்றால் கை சுண்டும். இந்த ஒரு தொடர்பை உடம்பால் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதில் கிடைக்கும் சத்தத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பந்து முதலில், தரை அப்புறம் என்று பட்டால் இறுக்கமான ஒரு 'டக்' வரும். தரை முதலில் பட்டால் மந்தமான 'தொப்'.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக், நீளமாக அடிப்பவர்களின் வரிசையில் வரமாட்டார். குழிக்கு அருகிலான சின்ன அடிகளின் நேர்த்திதான் அவரை அங்கே கொண்டுபோனது. சிப் பயிற்சி நேரவிரயம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படி 5: பேக்ஸ்விங்

தொடக்கத்தில் கை, தோள், மார்பு மூன்றும் ஒன்றாகப் போகட்டும். க்ரிப் வலது தொடையைத் தாண்டி, ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கிளப் தலை கைகளுக்கு நேராகவோ சற்று வெளியிலோ இருக்க வேண்டும். முகத்தின் முன்விளிம்பு உங்கள் முதுகின் சாய்வுக்கு இணையாகச் சாய்ந்திருந்தால் சரி. இந்த இடத்தில் முகம் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தால் அது திறந்துவிட்டது, முன்கையை உருட்டிவிட்டீர்கள். புதியவர்களிடம் அதிகமாகக் காணப்படும் கைத்தவறு இதுதான், ஸ்விங் தொடங்கிய முதல் அரை விநாடியிலேயே நடந்துவிடுகிறது.

அதன்பின் மணிக்கட்டு மேலே மடங்கட்டும், வலது முழங்கை மடியட்டும், தோள்கள் தொடர்ந்து திரும்பட்டும். இடது தோள் தாடைக்குக் கீழே இறங்கி வர வேண்டும். பொதுவாகச் சொல்லும் அளவு தோளுக்கு 90 டிகிரி, இடுப்புக்கு அதில் பாதி. ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கஷ்டப்படுத்த வேண்டாம். ஜான் ராம் வலது பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர், அந்தக் கணுக்கால் அவருக்கு முழுதாக அசையாது. நீண்ட பேக்ஸ்விங்கைத் தேடாமல், தன் உடம்பு அனுமதிக்கும் குட்டையான பேக்ஸ்விங்கிலேயே 2021 யு.எஸ். ஓப்பனையும் 2023 மாஸ்டர்ஸையும் வென்றார். மார்பு திரும்புவது எங்கே நிற்கிறதோ அங்கே கையும் நிற்க வேண்டும். மார்பு நின்ற பிறகும் கை மட்டும் இன்னொரு அடி மேலே போனால், அந்தக் கூடுதல் தூரம் வேகம் தராது, ஒத்திசைவைத்தான் கெடுக்கும்.

வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் இடது குதிகால் லேசாக எழுந்தால் எழட்டும் என்று விட்டுவிடலாம். நிக்லஸ் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஆடினார்.

படி 6: மேலிருந்து திரும்பும் இடம்

ஸ்விங்கில் மிகக் கடினமான பகுதி. இங்கேதான் பெரும்பாலோர் கையாலும் தோளாலும் பந்தின் மேல் பாய்கிறார்கள்.

நல்ல ஆட்டக்காரர்களை அளந்து பார்த்ததில் ஒரே வரிசைதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது: முதலில் இடுப்பு தன் உச்ச வேகத்தை எட்டும், அப்புறம் மார்புக்கூடு, அப்புறம் கைகள், கடைசியாகக் கிளப். ஒவ்வொன்றும் உச்சத்தைத் தொட்டபின் வேகம் குறையும், அந்த வேகம் அடுத்ததற்குப் போய்ச் சேரும். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், பந்தை நெருங்கும்போது கைகள் வேகம் குறைகின்றன என்பது. இடது கை தரைக்கு இணையாக வரும் வாக்கில்தான் கைகளின் வேகம் உச்சத்தில் இருக்கும். அதன்பின் கைகள் மெதுவாகி, கிளப் தலை சீறிக்கொண்டு போகும். கடைசிக் கணத்தில் கையை இன்னும் வேகமாகத் தள்ள முயல்வது இந்தக் கைமாற்றத்தைத் தடுக்கிறது.

குளக்கரையில் ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருப்பீர்கள். எறியும் முன் முன்கால் தரையில் ஊன்றும், இடுப்பு திறக்கும், முழங்கை விலாவை ஒட்டி முன்னால் வரும், உள்ளங்கை கடைசியாகத்தான் வரும். யாரும் சொல்லித்தராமலேயே வரும் வரிசை அது. வலது கையில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, கோல்ஃப் நிலையில் குனிந்து, இலக்கை நோக்கி அதே மாதிரி பக்கவாட்டில் தாழ்வாக எறிந்து பாருங்கள். டவுன்ஸ்விங்கில் வலது பக்கம் செய்ய வேண்டிய வேலை அதுவே.

கிளப்போடு பழக இரண்டு பயிற்சிகள். முதலாவது, எட்டு வைப்பது. இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்று பேக்ஸ்விங் எடுங்கள். கிளப் உச்சியை அடையும் முன்பே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து, அந்தக் கால் தரையில் ஊன்றிய பிறகு அடியுங்கள். மேலே கிளப் இன்னும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்க, கீழே அழுத்தம் இடது காலுக்கு வந்துவிடும் அந்த உணர்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் பந்து இல்லாமல் செய்யுங்கள்.

இரண்டாவது, பாதி இறக்கம். உச்சியிலிருந்து இடது கை தரைக்கு இணையாகும்வரை மட்டும் இறங்கி நிறுத்துங்கள். மறுபடி மேலே. மறுபடி பாதி. மூன்றாவது முறை அடித்துவிடுங்கள். பாதியில் நிறுத்தும்போது மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: எடை பெரும்பாலும் இடது காலில், முதுகு இன்னும் ஓரளவு இலக்குப் பக்கம், மணிக்கட்டுக் கோணம் குலையாமல். கோணத்தைப் பிடித்துவைக்க வலிந்து முயல வேண்டாம். உடம்பு முன்னால் இழுக்கும்போது, தளர்ந்த மணிக்கட்டில் கோணம் தானாகவே நிற்கும். கை அவசரப்பட்டால்தான் அது முன்கூட்டியே அவிழும்.

படி 7: பந்தைத் தொடும் கணம்

நல்ல ஆட்டக்காரர் 7 அயர்னில் பந்தைத் தொடும்போது எப்படி இருக்கிறார் என்று படம்பிடித்துப் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து அது முற்றிலும் வேறு. இடுப்பு இலக்கை நோக்கி நன்றாகத் திறந்திருக்கும், மார்பு அதைவிடக் குறைவாகத் திறந்திருக்கும். இடது கால் நிமிர்ந்துகொண்டிருக்கும். கைகள் பந்துக்கு முன்னால், இடது மணிக்கட்டு தட்டையாக. வலது மணிக்கட்டு இன்னும் பின்னோக்கி மடங்கியே இருக்கும். வலது குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியிருக்கும்.

கைகள் பந்துக்கு முன்னால் இருப்பது கைகளை முன்னால் தள்ளுவதால் வருவதல்ல. மார்பு திறந்துகொண்டே போவதால், அதோடு ஒட்டிய கைகளும் முன்னால் போகின்றன. மார்பை நிறுத்திவிட்டுக் கையை முன்னால் தள்ளிப் பார்த்தால் முகம் திறந்து, பந்து வலப்பக்கம் போகும்.

இடது காலின் நிமிர்வையும் கவனியுங்கள். பந்தை நெருங்கும்போது தேர்ந்தவர்களின் கைகள் கீழ்நோக்கிப் போவதை விட்டு, மேலும் உள்ளுமாக, உடம்பை நோக்கி வளையும். தரையை உதைத்து இடது கால் நிமிர்வதும் இடது இடுப்பு பின்னால் விலகுவதும் அதற்கு உதவுகின்றன. கைகள் அப்படி உள்ளே இழுபடும்போது கிளப் தலை இன்னும் வேகமாக வெளியே விரியும். ஆனால் நிமிர்வது இடுப்பைப் பந்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. பின்புறத்தை ஒரு சுவரில் லேசாகத் தொட்டபடி நின்று மெதுவாக ஸ்விங் செய்யுங்கள். பேக்ஸ்விங்கில் வலது பின்புறம் சுவரைத் தொடட்டும், டவுன்ஸ்விங்கில் இடது பின்புறம். இடையில் இரண்டும் சுவரை விட்டு வந்துவிட்டால், கைகள் கடந்துபோக இடமில்லாமல் மேலே தூக்கிக்கொள்ளும், பந்தின் தலையில் அடி விழும்.

காட்டனின் டயரை இங்கே பயன்படுத்தலாம். பழைய டயரையோ, துணி திணித்த சாக்குப் பையையோ பந்தின் இடத்தில் வைத்து, அரை வேகத்தில் அடித்து அங்கேயே நில்லுங்கள். இப்போது கைகள், இடுப்பு, மார்பு மூன்றும் நான் மேலே சொன்ன இடங்களில் இருக்கின்றனவா என்று நிதானமாகச் சரிபாருங்கள். மணிக்கட்டில் பழைய காயம் இருப்பவர்கள் சாக்குப் பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டயர் திருப்பி அடிக்கும்.

எல்லாரும் ஒரே வழியில் இங்கே வந்து சேர வேண்டியதில்லை. ஜிம் ஃப்யூரிக்கின் கிளப் மேலே போகும் வழி ஒன்று, கீழே வரும் வழி வேறொன்று. நடுவில் பெரிய ஒரு வளையமே போடும். 2016இல் 58 அடிகளில் ஒரு சுற்றை முடித்தவர் அவர். பந்தருகே அவர் கைகளும் உடம்பும் வந்து சேரும் நிலை முறைப்படி கற்றவர்களுடையதைப் போலவே இருக்கும்.

படி 8: பந்து போன பிறகு

பந்து போனதும் இரண்டு கைகளும் நீளட்டும். அப்புறம் முன்கைகள் தாமாக உருண்டு, இடது முழங்கை மடங்கும். மார்பு இலக்கைப் பார்த்து, எடை முழுவதும் இடது காலில் நின்று, வலது காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். மூன்று விநாடி அசையாமல் நிற்க முடிந்தால் வரிசை ஓரளவு ஒழுங்காக இருந்திருக்கிறது. இடது முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நின்றால், அதை அங்கே சரிசெய்ய முயலாதீர்கள். மார்பு நின்றுபோயிருக்கும், அல்லது முகம் திறந்திருந்ததைக் கைகள் பிடித்துவைத்திருக்கும். படி 3க்கும் படி 4க்கும் திரும்பிப் போங்கள்.

தரையும் பந்தும் சொல்வதைப் படிப்பது

7 அயர்னில் புல்லைப் பெயர்த்த தடம், அதாவது டிவட், பந்து இருந்த இடத்துக்கு முன்னால், இலக்குப் பக்கம் தொடங்க வேண்டும். பந்துக்குப் பின்னால் தொடங்கினால் எடை வலது காலில் தங்கிவிட்டது, இல்லையென்றால் மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்துவிட்டது. ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், பாய் மேல் அடிப்பவர்களுக்கு இது தெரியாது. பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், அடி நன்றாக இருந்ததாகத் தோன்றும். பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகுங்கள்.

பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், கிளப் போன பாதையோடு ஒப்பிட முகம் திறந்திருந்தது. இது பெரும்பாலும் கைப் பிரச்சினை: பிடி, இடது மணிக்கட்டின் குழி, தொடக்கத்தில் முன்கை உருண்டது. இடப்பக்கம் கிளம்பி இடப்பக்கமே நேராகப் போனால் முகமும் பாதையும் சேர்ந்தே இடப்பக்கம் போயிருக்கின்றன. தோள் முந்திக்கொண்டிருக்கிறது, அது படி 6இன் பிரச்சினை. ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் என்று மாறி மாறிப் போனால் உடம்பு நின்று கை சுண்டுகிறது. இதற்கு வீரியமான மருந்து படி 4இன் சிப்.

டிரைவருக்கு மாற வேண்டியவை

டிரைவர் என்பது அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப். பிடியும் வரிசையும் அதேதான். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, கால்களை அகட்டி, வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நில்லுங்கள். டீ என்ற சின்ன முளையின் மேல் இருக்கும் பந்தைக் கிளப் தன் தாழ்ந்த புள்ளியைக் கடந்து மேலே ஏறும்போது தொடுவதே தூரம் தரும். அதனால் கைகளை அயர்னில் போல அவ்வளவு முன்னால் கொண்டுபோக வேண்டாம். தலை பந்துக்குப் பின்னாலேயே தங்கட்டும்.

படம்பிடித்துச் சரிபார்க்க

ஃபோனை நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டத்தில் வையுங்கள். டவுன்ஸ்விங் ஏறக்குறைய 60 படங்களாகக் கிடைக்கும், இடுப்பு முதலில் கிளம்புகிறதா கை முதலில் கிளம்புகிறதா என்பதை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க அது போதும். பந்தைத் தொடும் கணம் அவ்வளவு சுலபமாகச் சிக்காது. அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வைத்துக் கணித்துக்கொள்ள வேண்டியதுதான். முன்னாலிருந்து எடுக்கும்போது ஃபோன் மார்பு உயரத்தில், உங்களுக்கு நேர் எதிரே. பின்னாலிருந்து எடுக்கும்போது கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக, உங்கள் கைகளுக்கு நேர்பின்னால். ஃபோன் ஓரடி இடம் மாறினாலும் சரியான ஸ்விங் தப்பாகத் தெரியும், அதனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். பத்துப் பந்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள், அதுவும் அன்றைக்கு எடுத்துக்கொண்ட ஒரே படியை மட்டும்.